நூற்றுப் பதினைந்தாவது அத்தியாயம்

எங்கள் தொழிலில்
கொலம்பஸ் நகரத்தை ஒரு சோறு என்போம்.
இது வெந்திருந்தால்
பானை வெந்தது.
புது பர்கர், புது ஷாம்பூ, புதுச் சிரிப்போடு ஒரு வேட்பாளர்,
எதையும் முதலில் இங்கேதான்
விரலிடுக்கில் நசுக்கிப் பார்ப்பார்கள்.

பிப்ரவரி. மிதியடி முழுக்கச் சாலை உப்பு.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்பது பேர், நான், பிஸ்கட்.
அந்தப் பக்கம் இருட்டில்
லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்த நால்வர், சாலட்.

பிக்கரல் குடும்பம் சினிமாவாகிறது.
துணிப்பொம்மைகள்: ரயில் ஓட்டும் அப்பா,
பியானோ அம்மா, பிள்ளைகள் மூன்று,
மாடியை விட்டு இறங்காத சித்தப்பா.
பதினோரு வருட ஞாயிற்றுக்கிழமைகள்.
என் தாளில் இருபத்திரண்டு கேள்விகள்.
அம்மாவை வேலைக்கு அனுப்பலாமா?
சித்தப்பா இல்லாவிட்டால் பரவாயில்லையா?
பிடித்தால் குமிழை வலப்பக்கம் திருகுங்கள்,
பிடிக்காவிட்டால் இடம்.
சித்தப்பாவுக்கு எல்லாக் குமிழும் இடம் போயின.
ஒருவர் மட்டும் கேட்டார்:
"அப்போ மாடியில லைட் எரியுமே, அது யாருக்கு?"

பதினான்காம் கேள்வி: மறக்க முடியாத காட்சி எது?

டார்லீன் கொவால்சிக்,
பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்,
யோசிக்கவே இல்லை.
"அப்பா மண்டி போட்டு
சின்னவன்கிட்ட மன்னிப்புக் கேப்பாரே, அது."
ஆமாம் என்றார் டைரல் பூன்.
சமையலறையில், என்றார் ஒருவர்.
மழை பெய்துகொண்டிருந்தது, என்றார் இன்னொருவர்.
மூலையில் இருந்தவர் பிஸ்கட்டை உடைத்து உடைத்துத்
தட்டில் அடுக்கினார், தின்னவில்லை.
ஏழு தலைகள் ஆடின.
எட்டாவதாக என் தலை.
கேட்பவர் தலையாட்டக் கூடாது என்பது விதி.
அதுகூடப் பரவாயில்லை,
நான் வளர்ந்த ராஜபாளையத்தில்
இந்தத் தொடர் வந்ததே இல்லை.

மூன்று சனி ஞாயிறு உட்கார்ந்து
நூற்றுப் பதினான்கு அத்தியாயத்தையும் பார்த்தேன்,
முன்னால் ஓட்டி, பின்னால் ஓட்டி.
"இன்னுமா?" என்று கேட்டபடி கணவர் குறுக்கே போனார், வந்தார்.
மழை இருக்கிறது. சமையலறை இருக்கிறது.
அப்பா கத்துகிறார். கதவை அறைகிறார்.
நாற்பத்தோராம் அத்தியாயத்தில் சின்னவனின் பட்டத்தைக் கிழிக்கிறார்.
அடுத்த வாரம் எல்லோரும் கடற்கரைக்குப் போகிறார்கள்.
மன்னிப்பு இல்லை.
இருக்கவும் முடியாது.
பொம்மை செய்தவரின் மகளைத் தொலைபேசியில் பிடித்தேன்.
"எங்கப்பா இடுப்போட நிறுத்திடுவார்" என்றாள்,
"துணி விலை அப்படி.
மேசைக்குக் கீழ யார் பார்க்கப் போறாங்க?"
பிக்கரல் அப்பாவுக்கு
மடக்குவதற்கு முழங்காலே கிடையாது.

அறிக்கையில் எழுதினேன்:
ஒன்பதில் எழுவர்
தொடரில் இல்லாத காட்சியை நினைவுகூர்ந்தனர்.
எட்டாவது ஆளைச் சேர்க்கவில்லை.

சாலட் நால்வருக்கும் தலைகால் புரியவில்லை.
அதையே எடுத்துவிட்டார்கள்.
நிஜ நடிகர், நிஜ முழங்கால்,
வாடகைக்கு மழை,
நாற்பது வயலின்.

மே மாதம், ஈஸ்டன் பக்கம் ஒரு தியேட்டர்,
முந்நூறு பேர், ஆளுக்கொரு குமிழ்.
அந்த இடம் வந்தது.
என் கணினியில் பச்சைக் கோடு
ஒரு நொடி நின்றது,
பிறகு படியில் கால் தவறியதுபோல் இறங்கிற்று.
யாரோ இருமினார்கள்.

வெளியே, எழுபத்தைந்து டாலர் கூப்பனுக்குக்
கையெழுத்துப் போட்டபடி டார்லீன் சொன்னார்:
"நல்லாத்தான் எடுத்திருக்காங்க. ஆனா அது இது இல்ல.
அதுல அவர் முதல்ல தொப்பியைக் கழட்டுவார்.
எங்க வைக்கிறதுன்னு தெரியாம
கொஞ்ச நேரம் கையிலேயே வச்சிருப்பார்."

தொப்பி, என்று எழுதிக்கொண்டேன்.
நிறம் கேட்கவில்லை.
சாம்பல். எனக்குத் தெரியும்.